திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்

இத்தனை நாள் பேசாமல் இருந்தது போதும். நூர்ஜகான் போய் நாற்பது நாள் முடிந்துவிட்டது. புதுக்கோட்டையில் எங்கள் மாடி அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செய்தி அவருடைய எண்ணிலிருந்தே பழைய ஊழியர்களின் வாட்ஸப் குழுவுக்கு வந்தது. அவருடைய தம்பி எழுதியிருந்தார்: அக்கா காலையில் நெஞ்சுவலியில் வஃபாத், அசர் தொழுகைக்குப் பிறகு கறம்பக்குடியில் அடக்கம். அதன்கீழே எங்கள் முன்னாள் மேலாளர் ஒரு பத்தி எழுதினார். தான் வடிவமைத்த சோதனை முறைக்கு நூர்ஜகான் உறுதுணையாக இருந்தாராம். எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். நானும் போட்டேன். போட்ட கை இன்னும் கூசுகிறது.

வெளி ஆட்களுக்கு ஒரு வார்த்தை. இணையதளம் சரியாக வேலை செய்கிறதா என்று மனிதருக்குப் பதிலாக ஒரு நிரலே பட்டன்களை அழுத்திப் பார்க்கும்படி செய்வது எங்கள் வேலை. எந்தப் பட்டன் என்று நிரலுக்கு அடையாளம் சொல்ல வேண்டும். அந்த அடையாளத்துக்கு லொக்கேட்டர் என்று பெயர். நான் முதுநிலைப் பட்டம் பெற்றவன், வகுப்பில் முதலாவது. நூர்ஜகான் அஞ்சல் வழியில் படித்தவர். என் லொக்கேட்டர்களைச் சரிபார்க்கும் பொறுப்பு அவரிடம் போனதை நான் மன்னிக்கவில்லை. என்னைவிட இரண்டு வயது இளையவரை வேண்டுமென்றே ‘மேடம்’ என்று அழைத்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. சரிபார்க்கும்போது திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். எதை அழுத்தப் போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். பேருந்து தாமதமான நாட்களில் கறம்பக்குடிப் பேருந்திலிருந்தே போனில் கேட்பார். ஒருநாள் நான், அட்டவணையின் முதல் வரிசையில் இரண்டாவது பட்டன் என்றேன். கண்டக்டர் விசில் சத்தத்துக்கு நடுவே அவர் சொன்னது:

“எனக்கு ஒண்ணும் தெரியலையே சார். அது என்ன செய்யிற பட்டன்னு சொல்லுங்க. எங்கிட்டு இருக்குங்கிறது நாளைக்கு மாறிப் போயிரும்.”

வேலை செய்கிறது, அது போதும் என்றேன். இது சரியில்லை என்று அவர் எழுத்தில் பதிவு செய்தார். நான் நேரே மேலாளரிடம் போய், இந்த அம்மாவால் எல்லாம் தாமதமாகிறது என்று புகார் சொன்னேன். ஓகே போடச் சொல்லி மேலாளர் உத்தரவிட்டார். நூர்ஜகான் போட்டார்.

அது ஒரு மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கம். சில வாரம் கழித்து டெவலப்பர் ஒரு சிறு மாற்றம் செய்தார். ‘உறுதி செய்’ இருந்த இடத்துக்கு ‘ரத்து செய்’ வந்தது, உறுதி செய் தள்ளிப் போனது. என் லொக்கேட்டர் பழைய இடத்தையே அழுத்தியது. எதை அழுத்தினாலும் ‘சேமிக்கப்பட்டது’ என்ற அதே பச்சைச் செய்திதான் வரும். அதனால் சோதனை தேறியது. அதே மாற்றத்தில் உறுதி செய்யும் பட்டன் பழுதாகி, முன்பதிவே பதியாமல் கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. கீரமங்கலத்திலிருந்து வயதான தாயைப் பேருந்தில் கூட்டி வந்த ஒருவர், பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். அவர் ஒருவர் மட்டும் அல்ல.

விசாரணைக்கு அறையில் நான்கு பேர் இருந்தோம். மேலாளர், மருத்துவமனையிலிருந்து வந்தவர், நூர்ஜகான், நான். யார் பொறுப்பு என்று வந்தவர் கேட்டார். நூர்ஜகானின் மடியில் மடிக்கணினி இருந்தது. அதில் அவர் எழுதிய எதிர்ப்பு இருந்தது. திறந்து காட்டியிருந்தால் அன்றே என் வேலை போயிருக்கும். அவர் திறக்கவில்லை.

“சரிபாத்து ஓகே போட்டது நாந்தாங்க. எம்மேல எழுதிக்கங்க.”

மேலாளர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அவருக்கு வரவேண்டிய டீம் லீடர் பதவி அந்த ஆண்டு வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. நான் மேலாளரைத்தான் இத்தனை வருடமும் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் பொறுத்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார்.

“ஒங்களுக்குப் பக்குவமாப் பேசத் தெரியாது சார். போற எடமெல்லாம் சண்டை போடுவீங்க. ஒங்கள யாரு வேலைக்கு எடுப்பா?” பிறகு, “வாங்க, மத்ததையாவது திருத்துவோம்” என்றார்.

திருத்தினோம். ஒவ்வொரு பட்டனுக்கும் அது செய்யும் வேலையை வைத்து, எங்கே நகர்த்தினாலும் மாறாத பெயர் ஒன்று வைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். டெவலப்பர்கள் அது தங்கள் வேலை இல்லை என்றார்கள். கந்தர்வக்கோட்டை முந்திரியை வறுத்துப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, பெயர் வைத்தவர்களுக்கு மட்டும் கொடுத்தார். ஒரே மாதத்தில் எல்லாப் பட்டன்களுக்கும் பெயர் வந்துவிட்டது. எனக்கும் ஒரு பொட்டலம் கிடைத்தது. மேலாளர் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் முறை அதுதான். அதை உருவாக்கியவர் நூர்ஜகான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

அடக்கத்துக்குப் போனேன். மையவாடியிலிருந்து திரும்பும்போது அவர் தம்பி என் பெயரைக் கேட்டுவிட்டு, “நீங்கதானே அந்தக் கோவக்கார சாரு? அக்கா வீட்டுல ஒங்களப் பத்தித்தான் பேசும். ‘அந்தாளு இப்ப நல்லா எழுதுறாரு’ன்னு சொல்லும்” என்றார். என்னைப் பற்றி யாரோ எங்கோ நல்லதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த உட்காரும் விதம். இன்றும் பிறர் எழுதியதைச் சரிபார்க்கும்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டு, என்ன செய்கிற பட்டன் என்று கேட்கிறேன். புதிதாக வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். நான் கோபப்படுவதில்லை.

இதைக் குழுவில் நேரடியாகப் போட்டால் என் எண் தெரியும். என் பெயரைக் கண்டதும் பாதிப் பேர், மேலாளரோடு இவனுக்கு இருக்கும் பழைய தகராறு என்று ஒதுக்கிவிடுவார்கள். நூர்ஜகான் மறுபடியும் பின்னால் போய்விடுவார். அதனால் வேறு இடத்தில் பெயரில்லாமல் பதிவிடுகிறேன். ஒளிந்துகொள்வதற்காக அல்ல. அந்த லொக்கேட்டரை எழுதி, அந்த அறையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன் நான். என்னைக் கண்டுபிடிக்க அது போதும்.