எனக்கு நினைவில்லாத அடிகள்

என் கணவரின் இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. நான் போட்டதுதான். பித்தளைச் செம்பால் அடித்தேன் என்றார்கள். எனக்கு நினைவில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இலங்கை மலைநாட்டில், அட்டன் பஜாரில் என் கணவர் வீட்டாருக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. கீழே கடை, மேலே வீடு. வீட்டில் மாமியார், என் கணவர், அவருடைய தம்பி, நான். கல்யாணமான மறு வருஷமே எனக்கு நீரிழிவு வந்துவிட்டது. வயதானவர்களுக்கு மெல்ல மெல்ல வருகிற வகையல்ல. ஆறே வாரத்தில் எலும்பும் தோலுமாகி, தண்ணீர் தண்ணீர் என்று கத்திக்கொண்டு பாயோடு ஒட்டிக்கிடந்தேன். "பத்து வருஷத்துக்கு முன்னால இந்த வியாதி வந்திருந்தா உங்க சம்சாரம் பொழைச்சிருக்க மாட்டாங்க" என்று டாக்டர் என் கணவரிடம் சொன்னாராம். இன்சுலின் வந்துவிட்டிருந்ததால் பிழைத்தேன்.

அந்த மருந்து கொழும்பிலிருந்து ரயிலில் வரும். காலையில் இருபது யூனிட், சாயங்காலம் பதினைந்து. கண்ணாடி ஊசிக்குழாயைக் கொதிக்கவைத்து, மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டி, தொடையில் நானே குத்திக்கொள்வேன். குத்துவதற்கு முன்னால் ஒரு சோதனை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைக்க வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் அப்படியே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள், மிகவும் மோசமென்றால் செங்கல் நிறம். எனக்குப் பெரும்பாலும் பச்சை வரும். அது போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலு வருஷம் இப்படியே ஓடியது. அளவு ஒரு யூனிட் கூட மாறவில்லை.

அந்தத் தை மாதம் எல்லாம் மாறியது.

காலை பத்து மணி இருக்கும். அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். விரல் நுனிகள் மரத்துப்போயின. பக்கத்துச் சுவர் என் மேல் சாய்வது போலிருந்தது. மாமியார் ஏதோ கேட்டார். அந்தக் குரல் தாங்க முடியாமல் இருந்தது, அதை நிறுத்தியே ஆகவேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மறுபடி கண் தெரிந்தபோது தரையில் கிடந்தேன். தலைமுடியெல்லாம் நனைந்திருந்தது. வாயில் சீனி நறநறத்தது. எதிரே என் கணவர் துண்டை நெற்றியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டு முழுக்க ரத்தம்.

"யாரு அடிச்சது?" என்று கேட்டேன்.

"நீதான்" என்றார்.

பிறகுதான் முழுக்கதையும் சொன்னார். "காப்பி குடிக்க மேல வந்தேன். நீ செம்ப கையில வச்சிக்கிட்டு நின்ன. ஏன் இப்படி வேர்த்திருக்குன்னு கேட்டேன். அடிச்சிட்ட. அம்மா கையப் புடிச்சாங்க, அவங்களக் கடிச்சிட்ட." பிறகு, "நானும் அடிச்சேன். மூணு அடி. பயமா இருந்திச்சு" என்றார். என் கன்னம் ஏன் வீங்கியிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. அதற்குப் பிறகுதான் அவருக்கு டாக்டர் எப்போதோ சொன்னது நினைவு வந்து, ஒரு பிடி சீனியை என் வாயில் திணித்திருக்கிறார்.

டாக்டர் வந்து புருவத்தைத் தைத்தார். என்னைப் பார்த்து, "ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம இருந்திருக்க. அதான் சர்க்கரை இறங்கிடிச்சு. அளவு சரியாத்தான் இருக்கு" என்றார். மாமியாருக்கு அது சுருக்கென்று பட்டது. "நாங்க பட்டினி போடறோமா?" என்று கேட்டுவிட்டு, மறுநாளிலிருந்து என் எதிரே உட்கார்ந்து கடைசிக் கவளம் வரை பார்த்தார். நானும் குமட்டக் குமட்டச் சாப்பிட்டேன்.

நான் வயிறாரச் சாப்பிட்டதுதான் அடுத்த முறை எனக்கு எதிராகப் போயிற்று.

அது ஞாயிற்றுக்கிழமை. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அரிசியும் கருவாடும் வாங்கக் கடையில் நிறைந்திருந்தார்கள். என் கணவர் சரக்கு எடுக்க ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். நான் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கூட ஆகவில்லை. எதற்காகக் கீழே இறங்கி வந்தேன் என்று தெரியவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்த மாமியாரின் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினேனாம். தராசிலிருந்த படிக்கல்லை எடுத்துக் கொழுந்தன் மேல் எறிந்தேனாம். அது அவர் முழங்காலில் பட்டு, பிறகு மிட்டாய்க் கண்ணாடிச் சாடியை உடைத்ததாம்.

கொழுந்தன் என்னைத் தூணோடு சேர்த்துச் சாக்குக் கயிற்றால் கட்டினார். மிஞ்சிய கயிற்றை இரண்டாக மடித்து அடித்தார். "ரெண்டு தட்டு சோறு தின்னுட்டுத்தானே வந்தா? இது வியாதியில்ல, திமிரு" என்று ஒவ்வோர் அடிக்கும் ஜனங்களைப் பார்த்துச் சொன்னாராம். அடி வாங்கியது எனக்குத் தெரியாது. ஆனால் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. முதுகிலும் கையிலும் கட்டை விரல் கனத்துக்குப் பதினோரு தடிப்பு எழும்பியிருந்தது.

யாரும் குறுக்கே போகவில்லை. கடைசியில் கொழுந்து பறிக்கிற ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாளாம். அவள் யார், எந்தத் தோட்டம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "இது பசி மயக்கங்க. மழையில நனைஞ்ச மாதிரி வேர்த்திருக்கு பாருங்க. மலையில எங்களுக்கும் வரும்" என்று சொல்லி, தான் வாங்கிய வெல்லக் கட்டியை உடைத்து என் உதட்டுக்குள் தள்ளினாளாம். நான் அவள் விரலையும் கடித்தேன். அவள் விரலை எடுக்கவில்லை. எனக்கு நினைவு திரும்பியபோது முதலில் தெரிந்தது அந்த விரல்தான். வாயில் வெல்லமும் ரத்தமும் சேர்ந்து ருசித்தன.

என் கணவர் வண்டியோடு திரும்பி வந்தபோது நான் இன்னும் தூணில்தான் இருந்தேன். அவர் தம்பியின் சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போனார். இரண்டு பேரும் பஜார் நடுவே சேற்றில் புரண்டு அடித்துக்கொண்டார்கள். கொழுந்தனின் முன்பல் ஒன்று போயிற்று. என் கணவரின் புருவத் தையல் பிரிந்தது. மாமியார் வாசலில் நின்று, "இந்த ஒருத்தியால என் ரெண்டு புள்ளைகளும் சாவுறானுங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னது எனக்குத் தவறாகப் படவில்லை.

மறுநாள் காலை சோதனைக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நீலம். அதற்கு முந்தின நாளும் நீலம். யோசித்துப் பார்த்தால் இரண்டு மூன்று வாரமாகப் பச்சையே வரவில்லை. நீலம் நல்லதுதானே என்று நான் சந்தோஷப்பட்டிருந்தேன். சாப்பாடு கூடியிருக்கிறது, ஆனாலும் சர்க்கரை தங்கவில்லை. அப்படியானால் சாப்பாட்டில் குறையில்லை. நாலு வருஷமாக என்னைக் காப்பாற்றிய அதே இருபது யூனிட்டுதான் இப்போது என்னை அடிக்கிறது. உடம்பில் எதுவோ மாறியிருக்கிறது. என்ன மாறியது என்று விரல் விட்டு எண்ணியபோது, நாள் தள்ளிப்போய் ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

என் கணவரைக் கூப்பிட்டு, "இன்னைக்கிப் பன்னெண்டுதான் போடப்போறேங்க" என்றேன்.

"டாக்டர் சொன்னத நாம மாத்தக்கூடாது. கொறைச்சா மறுபடி பழைய மாதிரி படுத்துக்குவ."

"கொறைக்காட்டி நான் உங்களக் கொன்னுப்புடுவேன். இல்லேன்னா உங்க தம்பி என்னைக் கொன்னுப்புடுவாரு. வயித்துல ஒண்ணு இருக்குதுங்க."

அவர் என் கையிலிருந்த ஊசிக்குழாயை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பன்னிரண்டு கோட்டில் மருந்தை நிறுத்தி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அன்று முழுவதும் கடைக்குப் போகாமல் என் எதிரே உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு பொட்டலம் சீனியோடு. ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் குழாயில் பச்சை வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் அழுதோம்.

டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளை உண்டாகியிருக்கிறேன் என்று கேட்டதும் முகமே மாறிவிட்டது. இந்த வியாதியோடு பிள்ளை தங்குவது கஷ்டம், தங்கினாலும் தாய்க்கு ஆபத்து என்று என் கணவரிடம் தனியாகச் சொன்னார். என் கணவர் அதை என்னிடம் மறைக்கவில்லை.

ஐந்தாம் மாதத்திலிருந்து கதை தலைகீழாகப் போயிற்று. குழாயில் மஞ்சள், பிறகு செங்கல் நிறம். தாகம் திரும்ப வந்தது. பன்னிரண்டு இருபதாயிற்று, முப்பதாயிற்று. கடைசி மாதத்தில் காலையில் மட்டும் ஐம்பது யூனிட். தொடையெல்லாம் ஊசிக் கன்றிப்பு. முன்பு குறைத்தபோது பயந்ததைவிட இப்போது கூட்டும்போது அதிகமாகப் பயந்தேன், ஆனால் நிறத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினேன். கொழுந்தன் அந்த மாதங்களில் என் முகத்தைப் பார்த்ததில்லை. நான் படியிறங்கினால் அவர் தராசுப் படிக்கற்களை எடுத்துக் கல்லாவுக்குள் வைத்துக்கொள்வார்.

பிரசவத்துக்கு ரயிலேறி வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு பகலும் ஓர் இரவும் வலி. ஆயுதம் போட்டு இழுத்தார்கள். என்னைக் கிழித்துக்கொண்டுதான் அவள் வந்தாள். பெரிய குழந்தை. எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள்.

விடிந்து இரண்டு மணி நேரம் போயிருக்கும். பக்கத்துத் தொட்டிலில் குழந்தையின் கை நடுங்குவதைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. நெற்றியைத் தொட்டால் ஈரம். அழாமல், ஒரு மாதிரி முனகியது. அந்த நடுக்கத்தை எனக்குத் தெரியும். உள்ளேயிருந்து தெரியும்.

அங்கே இருந்த நர்ஸ் சிங்களப் பெண்மணி. அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் வரும். "சீனித் தண்ணி குடுங்க, பிள்ளைக்குச் சர்க்கரை இறங்குது" என்று இரண்டு பாஷையிலும் கெஞ்சினேன். "குளிர், குளிர்" என்று சொல்லிப் போர்வையை இறுக்கிச் சுற்றினார். முதல் நாள் பிள்ளைக்கு எதுவும் கொடுக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். நானே கட்டிலை விட்டு இறங்கினேன். கால் வழியே ரத்தம் ஓடியது. என் கணவர் அட்டனுக்குத் திரும்பும்போது எனக்காக வைத்துவிட்டுப் போன சீனித் தண்ணீர்ப் போத்தலை எடுத்தேன். நர்ஸ் "எப்பா! எப்பா!" என்று கத்திக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தார். வேண்டாம் என்று அர்த்தம். நான் மற்றக் கையை ஓங்கி அவர் முகத்தில் அடித்தேன். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. மறுபடி வந்தார், மறுபடி அடித்தேன். அவர் தடுமாறிச் சுவரில் மோதி உட்கார்ந்தார்.

என் வாழ்நாளில் நான் முழு நினைவோடு ஒருவரை அடித்தது அன்றுதான். என் உள்ளங்கை எரிந்தது கூட நினைவிருக்கிறது.

துணி முனையைச் சீனித் தண்ணீரில் நனைத்துக் குழந்தையின் வாயில் பிழிந்தேன். முதலில் வழிந்தது. பிறகு சப்பினாள். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்று, ஆஸ்பத்திரியே கேட்கும்படி அழுதாள்.

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவு செய்தார்கள். காலை ஊசி இன்னும் போடவில்லையே என்று சீட்டைப் பார்த்து ஐம்பது யூனிட் எடுத்து வந்தார்கள். "வேணாங்க, சோதிச்சுப் பாருங்க, பிள்ள பொறந்திடிச்சு, எல்லாம் மாறியிருக்கும்" என்று கதறினேன். இரண்டு பெண்கள் என் தோளில் ஏறி உட்கார்ந்தார்கள். ஒருத்தி ஊசியைக் குத்தினாள்.

பிறகு நடந்ததை என் கணவர் சொல்லித்தான் தெரியும். பத்து மணி ரயிலில் வந்தவர் வாசலிலேயே என் கூச்சலைக் கேட்டிருக்கிறார். தடுத்த காவல்காரரைத் தள்ளிவிட்டு ஓடி வந்தால், நான் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டப்பட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு வெட்டி வெட்டி இழுத்துக் கிடந்தேனாம். "இது பைத்தியமில்ல! சர்க்கரை! சர்க்கரை ஏத்துங்க!" என்று பெரிய டாக்டரின் கோட்டைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். டாக்டர் நல்லவேளையாகக் கோபப்படாமல் ஒரு நொடி என்னைப் பார்த்தார். நரம்பில் குளுகோஸ் ஏற்றினார்.

கண் விழித்தபோது டாக்டர் கட்டிலருகே நின்றிருந்தார். குழந்தை என் கணவரின் கையில் தூங்கியது. மூக்கில் பஞ்சு வைத்த நர்ஸ் சற்றுத் தள்ளி நின்றார். டாக்டர் மெதுவாகக் கேட்டார், "ராத்திரிக்கு எவ்வளவு போடணும்னு நீங்க நெனைக்கிறீங்க?"

"சோதிச்சுட்டுச் சொல்றேங்க" என்றேன். நீலம்தான் வந்தது. அன்று ராத்திரி ஊசியே போடவில்லை. மறுநாள் எட்டு யூனிட். ஒரு மாதம் கழித்துத்தான் அது பதினெட்டில் நின்றது.

நர்ஸிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்ததாகத் தெரியவில்லை. ஆனால் புறப்படும்வரை குழந்தையின் கை கால்களை மணிக்கொரு தரம் வந்து தொட்டுப் பார்த்தார்.

அட்டனுக்குத் திரும்பியதும் மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு எட்டு மாதம் என்னை அவளோடு தனியாக விடவில்லை. பால் கொடுக்கும்போது கூட அறைக்குள் யாராவது ஒருவர் இருப்பார்கள். கொழுந்தன் கூட ஒரு நாள் கதவோரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கணவர் அதற்காக அவர்களோடு சண்டை போடக் கிளம்பினார். நான்தான் தடுத்தேன்.

"விடுங்க. இருக்கட்டும்" என்றேன். அவர்களுக்கு என்னிடம் பயம். எனக்கும் என்னிடம் பயமாகத்தான் இருந்தது.