கடைத் தரையில் ஒரு பிடி பொரி

2020-ஆம் ஆண்டுக் குளிர்காலம். நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்துக்கு மட்டும் இரண்டாவது முறையாக ஊரடங்கு போட்டிருந்த நேரம். ஏவன்டேலில் வாடகை வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டு, மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு ஃப்ரோசன் யோகர்ட் கடையில் பகுதிநேர வேலை பார்த்து வந்தேன். ஐஸ்கிரீம் போல உறைய வைத்த தயிர்தான் அது.

அதற்கு முன்பெல்லாம் வாடிக்கையாளரே கப்பை எடுத்து, மெஷின் கைப்பிடியை இழுத்து வேண்டிய அளவு பிடித்துக்கொள்வார். பழம், பாதாம், சாக்லேட், அரிசிப் பொரி என்று இஷ்டத்துக்கு மேலே தூவிக்கொள்வார். கடைக்குக் கூட்டம் வந்ததே அந்தச் சுதந்திரத்துக்காகத்தான். கொரோனா வந்ததும் அதுவே ஆபத்தாகிவிட்டது. வாசலில் குறுக்கே ஒரு மேசையைப் போட்டோம். ஆர்டர் போனில் வரும். டப்பாவில் நிரப்பி மூடி மேசையில் வைத்துவிட்டு, தரையில் ஒட்டிய மஞ்சள் டேப்புக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அப்புறம்தான் அவர்கள் வந்து எடுப்பார்கள்.

முதலாளியம்மா ஃபிஜியிலிருந்து வந்தவர். முன்னோர் தமிழர்கள்; ஆனால் இவருக்குத் தமிழ் பேச வராது, எல்லாம் ஆங்கிலம்தான். சுத்தம் விஷயத்தில் படுத்தி எடுத்துவிடுவார். நான் துடைத்த இடத்தைத் திரும்பவும் துடைப்பார். தரையில் ஒரு துளி சிந்தினால் முகம் கடுகடுக்கும். நான் மனதுக்குள் அவரைத் திட்டாத நாளே இல்லை.

அப்போது என் அப்பா ஈரோட்டில் கொரோனா வார்டில் இருந்தார். எல்லை மூடியிருந்ததால், போனால் திரும்பி வர முடியாது. போகவும் விமானம் இல்லை. ஒரு நாள் பிற்பகல், டப்பாவில் தயிர் பிடித்துக்கொண்டிருந்தபோது தம்பி வீடியோவில் கூப்பிட்டான். அப்பா போய்விட்டார். வீட்டுக்குக் கூடக் கொண்டுவராமல், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின்மயானத்துக்கு ஏற்றிவிட்டார்கள். நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வண்டியைத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தான் தம்பி. அந்த வெள்ளை வண்டியின் பின்கதவு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"கிட்டயே விடலைக்கா. அப்பாவுக்கு ஒரு பிடி பொரி கூடப் போட முடியல" என்று அழுதான்.

எங்கள் ஊரில் யார் போனாலும் தெரு முழுக்கப் பொரியும் பூவும் இறைத்துத்தான் அனுப்புவார்கள். ஊரில் எத்தனையோ பேரை அப்படி வழியனுப்பியவர் என் அப்பா. அவர் போகும் தெரு வெறுமையாகக் கிடந்தது. எனக்கு அழுகை கூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கையிலிருந்த டப்பாவில் தயிர் உருகிக்கொண்டிருந்தது.

முதலாளியம்மா என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பொரி என்ற சொல் அவருக்குப் புரிந்திருக்கிறது. ஆர்டர் போனை அணைத்தார். மாதக்கணக்கில் யாரும் தொடக்கூடாது என்று மூடி வைத்திருந்த பழம், பாதாம் வரிசையின் பக்கம் போய், பொரி ஜாடியை எடுத்து வந்தார். வாடிக்கையாளருக்கு வைப்பது போலவே என் முன்னால் வைத்துவிட்டு, டேப்புக்குப் பின்னால் போய் நின்றார்.

"போடு. அப்பாக்கு" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தமிழ் அது.

பளபளவென்று துடைத்திருந்த அந்தத் தரையில் ஒரு பிடி அள்ளி இறைத்தேன். டேப்புக்கு அந்தப் பக்கமிருந்து, "கோவிந்தா, கோவிந்தா" என்று மெல்லிய குரல் வந்தது. ஃபிஜியில் சாவு வீடுகளில் கேட்டுப் பழகியது என்று பிறகு சொன்னார். வண்டி மயானத்துக்குள் திரும்பும்வரை இறைத்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. அவரும் அழுதார், ஆனால் டேப்பைத் தாண்டி வரவில்லை. வாசலில் ஆர்டருக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் என்ன ஏதென்று கேட்காமல், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் துடைப்பத்தை எடுத்தபோது முதலாளியம்மா வேண்டாம் என்று தலையசைத்தார். அன்று கடை மூடும்வரை பொரி அப்படியே கிடந்தது.

அந்தக் கடை அதற்கப்புறம் தாக்குப்பிடிக்கவில்லை. இப்போது அங்கே மொபைல் ரிப்பேர் கடை இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போது கண்ணாடி வழியே தரையைப் பார்க்காமல் என்னால் கடக்க முடிவதில்லை. என் அப்பாவை நான் வழியனுப்பிய தெரு அதுதான்.