கழுதைக்காகப் பதில் சொன்னவர்

அப்பாவுக்குக் குளிர் கிடங்கில் வேலை. ஐஸ்கிரீமும் உறைந்த பட்டாணியும் அட்டைப்பெட்டிகளில் கூரை வரை அடுக்கியிருக்கும் அறை அது. மைனஸ் இருபது டிகிரி. பஞ்சு அடைத்த கோட்டும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு பதினான்கு வருஷமாக அங்கே பெட்டி தூக்குகிறார்.

உள்ளே யாரும் தனியாகப் போகக் கூடாது. இரண்டு பேராகப் போய் ஆளுக்கொரு வரிசையில் வேலை பார்ப்பார்கள். நடுவில் பெட்டிச் சுவர் இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒருவர், "இருக்கியா?" என்று கூப்பிடுவார். மற்றவர் அந்த நொடியே அடிவயிற்றிலிருந்து, "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் சிவப்புக் கயிற்றை இழுத்துவிடுவார்கள். கிடங்கு முழுக்கச் சங்கு அலறும். அப்பாவின் கூட்டாளி ஒரு தாடிக்காரர். அப்பாவுக்காக அவர் ஒரு நாளும் அந்தக் கயிற்றைத் தொட்டதில்லை. அப்பாவுக்கு அதில் கொஞ்சம் பெருமை.

ஆனால் நாளெல்லாம் குளிரில் நின்ற உடம்பு, லேசான சூட்டில் உட்கார்ந்தால் போதும், கண் சொருகிவிடும். தியேட்டரில் ஏசி ஜில்லென்று இருக்கிறது என்று மற்றவர்கள் போர்த்திக்கொள்வார்கள். அப்பாவுக்கு அது இளவெயில். விளக்கு அணைந்தால் அவரும் அணைந்துவிடுவார்.

ஏழு வயதுத் தங்கச்சிக்கு இதுதான் பெரிய மனக்குறை. போன தடவை ஒரு முயல் படம். வெளியே வந்ததும் அவளுடைய சிநேகிதியின் அப்பா படம் எப்படி என்று கேட்டார். பூனைதான் பிரமாதம், எல்லாரையும் காப்பாற்றிவிட்டது என்றார் அப்பா. அந்தப் படத்தில் பூனைதான் வில்லன். சிநேகிதி வீடு போய்ச் சேரும் வரை சிரித்தாள். தங்கச்சி தலையைத் தூக்கவே இல்லை.

அதனால் பறக்கும் கழுதை படம் வந்தபோது முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் தூங்கினேன்னா, இனிமே எல்லாப் படத்துக்கும் மாமாகூடத்தான் போவேன்."

மாமா அம்மாவின் தம்பி. படம் முடியுமுன்பே முடிவைச் சொல்லக்கூடிய ஆள். அப்பா சிரித்து மழுப்பினார். ஆனால் அன்று முழுக்க அவர் சரியாகப் பேசவில்லை. நானும் இவள் வயதில் அப்பாவோடுதான் படத்துக்குப் போவேன். எப்போது நிறுத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அப்பாவுக்கு இருக்கும் போல.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டார். முன்கூட்டியே தூங்கி வைத்துக்கொள்ளலாம் என்று மத்தியானம் படுத்தார். கவலையில் ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை. எழுந்து இரண்டு காபி குடித்துவிட்டு எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

படம் நன்றாகத்தான் இருந்தது. எந்த மூலையில் எந்தக் குழந்தை அழுதாலும் அந்தக் கழுதையின் நீண்ட காதுகளுக்குக் கேட்டுவிடும். முதுகில் மஞ்சள் துணி படபடக்கப் பறந்து போகும். உடைந்த பாலம் ஒன்றை அது முதுகால் தாங்கி நிறுத்தியபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, தூக்கும் முறை சரி என்று என் காதில் சொன்னார். அதற்குப் பிறகு கழுதை ஒரு பனிமலைப் பக்கம் போனது. திரை முழுக்க வெள்ளை. அந்த வெள்ளை மெல்ல மெல்ல அப்பாவின் கண்ணுக்குள் இறங்கிவிட்டது.

கழுதை நேராகக் கிடங்குக்கே வந்துவிட்டதாம். கதவைத் தலையால் தள்ளி உள்ளே வந்து, எந்த வரிசை என்பது போல் அவரைப் பார்த்ததாம். அது ஒரு வரிசை, இவர் ஒரு வரிசை. பெட்டிகளுக்கு எடையே இல்லை. தொட்டால் தாமாகவே எழும்பி மேலே மிதந்து போய் அடுக்கிக்கொண்டன. அதன் மூச்சு புகையாக இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

திரையில் அப்போது பனி சரிந்து கழுதை புதைந்துவிட்டது. இசை நின்றது. தியேட்டரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. தங்கச்சி அப்பாவின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். படத்தில் வரும் சிறுமி வெறுங்கையால் பனியைத் தோண்டியபடி கூப்பிட்டாள்.

"இருக்கியா?"

அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"இருக்கேன்! உள்ளதான் இருக்கேன்!"

பதினான்கு வருஷக் குரல் அது. பால்கனி வரை கேட்டது. முழுத் தியேட்டரும் சிரித்தது. கழுதை இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, அங்கே எதற்குத் தோண்டுகிறார்கள் என்று பின் வரிசையில் ஒருவர் கேட்டார். சரியாக அந்த நேரம் பார்த்துத் திரையில் பனிக்கு மேலே ஒரு காது நீட்டிக்கொண்டு வந்தது. முன் வரிசைக் குழந்தை ஒன்று திரும்பி அப்பாவை மரியாதையாகப் பார்த்தது. தங்கச்சி மட்டும் இருக்கைக்குள் சரிந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

படம் விட்டதும் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பஸ் நிறுத்தத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"தூங்கினியா?"

இல்லையென்று சொல்லச் சொல்லி நான் அப்பாவுக்குக் கண் காட்டினேன். வேண்டுமென்றே விளையாடினேன் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து அவள் உயரத்துக்கு வந்தார்.

"தூங்கிட்டேம்மா."

"எப்பலேருந்து?"

"பாலத்துக்கு அப்புறம்."

"அப்ப மீதிப் படம் ஒண்ணுமே பாக்கலையா?"

"பாத்தேன். எங்க கிடங்குக்கு வந்துச்சு."

"பொய்."

"பொய்யில்ல, கனவு."

பெஞ்சில் ஏறி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, அந்த மஞ்சள் துணி என்ன ஆனது என்று கேட்டாள். விறைத்துப்போய்த் தகரம் மாதிரி நின்றது என்றார் அப்பா.

"காதுக்குக் குளிரலையா அதுக்கு?"

"குளிராம இருக்குமா? அந்த நீளத்துக்குக் குல்லா எங்க கிடைக்கும்? என் கையுறையைக் காதுக்கு ஒண்ணா மாட்டிவிட்டேன்."

அவள் அப்பாவின் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப உனக்கு?"

"அது மூச்சு விட்டுச்சு. சூடா இருந்துச்சு."

பஸ் வந்தது. நாங்கள் யாரும் கை காட்டவில்லை, அது போய்விட்டது. கழுதை எத்தனை பெட்டி தூக்கியது, தாடிக்காரர் அதைப் பார்த்துப் பயந்தாரா, திரும்பிப் போகும்போது நடந்து போனதா பறந்து போனதா என்று அவளுக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டியிருந்தது. தெரியாத இடங்களில் அப்பா தெரியாது என்றே சொன்னார். நடுவில் அவள், அடுத்த மாதம் ஒரு ஆமை படம் வருகிறது, நீதான் வரணும் என்றாள்.

மாமாகூடப் போவேன் என்றாயே என்று நான் சும்மா சீண்டினேன்.

"மாமா கடைசி வரைக்கும் முழிச்சுட்டே இருப்பாரு," என்றாள், அது என்னவோ பெரிய குறை மாதிரி. "அவருகிட்ட அப்புறம் கேக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காதுக்கா."