உப்பு காயும் மாதம்

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. வானிலைச் செயற்கைக்கோள் என்று ஆரம்பித்தாலே போதும், எங்கள் மலையின் குண்டூர் நாட்டில் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "ஏனுங்க, நாளைக்கு மழ வருமுங்களா?" எனக்குத் தெரியாது. நாளைய மழையைச் சொல்பவர்கள் வேறு ஆட்கள். நான் பார்ப்பது, செயற்கைக்கோள் பல வருடங்களாக எடுத்துக் குவித்த மேகப் படங்களை. அவற்றில் பதிவான வெளிச்சத்தை நம்பலாமா கூடாதா என்று சொல்வதுதான் என் பிழைப்பு. உலகத்தில் மேகம் கூடுகிறதா குறைகிறதா என்று ஆராய்பவர்கள் எங்கள் கணக்கை வைத்துத்தான் பேசுவார்கள். "மேகத்தையே பாக்குற புள்ளைக்கு மழ தெரியலையாமா" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அம்மாவுக்கு ஒரே ஒரு தரம்தான் விளக்கினேன். முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்து மிளகு வியாபாரி தராசோடு வந்தால், எங்கள் வீட்டில் உடனே மூட்டையைத் தூக்கி வைத்துவிட மாட்டோம். கடையில் வாங்கிய, பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை முதலில் வைப்போம். தராசு ஒரு கிலோ காட்டினால் மிளகு ஏறும். காட்டாவிட்டால் அம்மாவின் வாய் திறக்கும், வியாபாரி மூடிக்கொள்வார். செயற்கைக்கோளும் ஒரு தராசுதான் என்றேன். மேலே போன பிறகு அதன் கண் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். எவ்வளவு மங்கியது என்று தெரிய, பூமியில் நிறம் மாறாத ஓர் இடத்தைக் காட்டிச் சோதிக்க வேண்டும். எங்கள் குழு அதற்கு வைத்திருந்த இடம் குஜராத்தில் உள்ள வெள்ளை உப்புப் பாலைவனம்.

"அங்கயும் உப்புதானா?" என்றாள் அம்மா. அதோடு அவளுக்கு விளங்கிவிட்டது.

அப்பாவுக்குக் காலில் ஆபரேஷன் ஆன வருடம், மலையிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கி வந்திருந்தேன். கணக்குப் போடும் பெரிய கம்ப்யூட்டர் ஆபீஸில் ஓடும். நான் இங்கிருந்து கட்டளை அனுப்பினால் வரைபடம் திரும்பி வரும். அப்படி வந்த ஒன்றில் விசித்திரமாக ஏதோ தெரிந்தது. செயற்கைக்கோளின் கண் மழைக்காலத்தில் மங்கி, தை பிறந்ததும் தெளிந்தது. மறு வருடமும் அதே கதை. குழுவில் எல்லோரும் இதைப் பார்த்தவர்கள்தான். பருவத்துக்குப் பருவம் வரும் சில்லறை ஏற்ற இறக்கம் என்று சொல்லி, சராசரி எடுத்து ஒரே கோடாக இழுத்துவிட்டிருந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மங்கிய கண் தை பிறந்தால் எப்படித் தெளியும்? மங்கியது கண் அல்ல, உப்பு. மழைநீர் தேங்கிய உப்புத் தரை கறுத்துத் தெரியும், காய்ந்தால்தான் வெளுக்கும். மாதக்கணக்கில் மேகத்துக்குள் கிடக்கும் எங்கள் மலையில், ஜாடி உப்பில் நீர் கோக்காத வீடு கிடையாது. ஈர உப்பு எப்படி இருக்கும் என்று எனக்கா தெரியாது? மழை நீடித்த வருடங்களில் அந்தச் சராசரிக் கோடு இன்னும் கீழே இறங்கியிருந்தது. கண்தான் மங்கிவிட்டது என்று நினைத்து, எல்லாப் படங்களுக்கும் கணக்கில் வெளிச்சம் கூட்டியிருந்தார்கள். அதனால் கடல்மேல் இருந்த மெல்லிய மேகமெல்லாம் தடித்த மேகமாகக் கணக்கில் ஏறிவிட்டது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

அந்தக் கணக்கு மாதக் கடைசியில் வெளியாவதாக இருந்தது. வெளியே போய்விட்டால், இல்லாத மேகத்தை நம்பி எத்தனையோ பேர் ஆராய்ச்சி செய்வார்கள். நான் உப்பு நன்றாகக் காய்ந்த மாதங்களை மட்டும் எடுத்து மறுபடி கணக்கிட்டேன். அது போதாதென்று, மிக உயரமான இடிமேகங்களின் உச்சியை வைத்தும் தனியாகச் சோதித்தேன். எந்த வருடமானாலும் அந்த உச்சிகளின் வெண்மை பெரிதாக மாறாது. இரண்டு கணக்கும் ஒன்றையே சொன்னன: கண் அவ்வளவு மங்கவில்லை.

குழுத் தலைவியிடம் போனில் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எத்தனை பேர் சரிபார்த்த கணக்கு இது! நீ மலையில உட்கார்ந்துக்கிட்டு நிறுத்துன்னா எப்படி நிறுத்தறது? கூட்டத்துல நீயே சொல்லு. அவங்க ஒத்துக்கலேன்னா பழைய கணக்குதான் போகும்" என்றார். மலையில் உட்கார்ந்திருந்தால் என்ன, மூளையைக் கீழேயே வைத்துவிட்டா வந்தேன்? இதை நான் அவரிடம் கேட்கவில்லை. அடுப்படியில் சத்தமாகக் கேட்டேன்.

கூட்டத்தன்று மலை முழுக்கக் கரண்ட் இல்லை. வீட்டில் சிக்னலும் போய்விட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் ரோட்டு வளைவுக்கு ஓடி அங்கிருந்த சுவரில் உட்கார்ந்தேன். பேச ஆரம்பித்ததும் தூறல் போட்டது. பின்னாலேயே வந்த அம்மா குடையை விரித்து லேப்டாப்புக்கு மேல் பிடித்துக்கொண்டாள்.

வேறு நாட்டிலிருந்து பேசிய மூத்த விஞ்ஞானி ஒருவர், அந்தப் பாலைவனத்தை எவ்வளவு காலமாக நம்பி வருகிறோம் என்று விளக்கினார். முழுக்கக் கேட்டுவிட்டு, "எந்த மாதத்து உப்பை?" என்று கேட்டேன். இடிமேக வரைபடத்தைத் திரையில் போட்டேன். அவர் அதை வருடம் வருடமாக ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, இவர் சொல்வதுதான் சரி, இதை இப்படியே வெளியிடக் கூடாது என்றார். "சரி, உன் கணக்குப்படியே எல்லாத்தையும் மறுபடி ஓட்டறோம். வெளியீடு தள்ளிப் போகட்டும்" என்றார் தலைவி. பெருமையாக இருந்தது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

"என்ன கண்ணு சொன்னாங்க?" என்றாள் அம்மா. அவளுடைய முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"நான் சொன்னதுதான் சரியாம்மா. உலகத்துக்கே போற மேகக் கணக்கு, இனி நான் திருத்துனபடிதான் போகும்."

அந்த நேரம் பார்த்து வளைவில் பஸ் வந்தது. அம்மா குடையை என் கையில் திணித்துவிட்டு நடுரோட்டில் போய் நின்று கை காட்டினாள். பஸ் நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "வெரசா ஏறுங்கம்மா" என்றார்.

"ஏறலீங்க. எம் பொண்ணு செயிச்சிருச்சுங்க. அதச் சொல்லத்தான் நிறுத்துனேன்."

"கோர்ட்டுக் கேசுங்களா?"

"கேசு இல்லீங்க," என்றாள் அம்மா, பஸ்ஸில் கடைசி சீட்டில் இருப்பவருக்கும் கேட்கும்படியாக, "மேகமுங்க."