சங்கு ஊதினால் பேர் போடணும்

1. வாயில் பிரஷ்

போஜனின் செய்தி என் கம்ப்யூட்டர் திரையில் வந்தபோது நான் வாயில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தேன். 'ஊத்துத் தண்ணி செம்மண்ணா வருது. ரோட்டுக்குக் கீழ பூமி வெடிச்சிருக்கு. உங்க லயத்துக்கு நேர் மேல. ஆளுகள வெளிய எடுங்க.' தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார், அவசரத்தில் பாதி எழுத்தைக் காணோம். ஆனாலும் புரிந்தது.

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் எலக்ட்ரீஷியன். சொந்த ஊர் பொள்ளாச்சி. அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருந்தேன். எஸ்டேட்டில் அதைக் கரண்டுக்காரன் கிறுக்கு என்பார்கள். எங்களுக்கு மேலே, ஹட்டி என்கிற படுகர் ஊரில் சொந்தத் தேயிலை வைத்திருந்த போஜனுக்கும் அதே கிறுக்கு. மழைக்காலத்தில் குரலில் பேசினால் மலை இடுக்கில் பாதி வார்த்தை தொலைந்துவிடும். அதனால், எழுத்தைத் துண்டு துண்டாகக் கட்டி அனுப்பும் பாக்கெட் ரேடியோவுக்கு மாறினோம். கம்ப்யூட்டரில் அடித்ததை ஒரு மோடம் பெட்டி கிர்ரென்ற சத்தமாக்கி வயர்லெஸ் செட் வழியே அனுப்பும். எதிர்ப்பெட்டி முழுசாக வாங்கிக்கொண்டு 'வந்தது' என்று சொல்லும்வரை விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பும். அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது.

கரண்ட் போனாலும் லாரி பேட்டரியில் ஓடும். தினமும் காலையில் மழை அளவு, மூடுபனி, ஊற்று, சாய்ந்த மரம் எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வோம். அன்று வந்தது அந்த வகைச் செய்தி இல்லை.

2. லயத்தில்

தேயிலை விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம் அது. பச்சை இலையைக் கேட்பாரில்லை. ஃபேக்டரிச் சங்கு ஊதியே பல நாளாகியிருந்தது. எங்கள் எஸ்டேட்டில் காலைச் சங்கு ஊதினால் வேலை உண்டு என்று அர்த்தம். கூடையோடு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வந்து நிற்க வேண்டும். நின்றவருக்குப் பேர் விழும், பேர் விழுந்தால் கூலி. சங்கு ஊதாத நாளில் அடுப்பும் சும்மாதான் இருக்கும்.

துரை, அதாவது மேனேஜர், மழையில் ரோடு அடைபட்டு முந்தின நாளே குன்னூரில் மாட்டிக்கொண்டார். போனும் செத்துக் கிடந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு ஓடினேன். முதல் வாசலில் ராசம்மா நின்றார். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர். அந்த லயத்துக்கே வாய் அவர்தான்.

"ஏனுங்க ராசம்மா, மேல பூமி வெடிச்சிருக்குதுங்க. எல்லாத்தையும் கூட்டிட்டு ஃபேக்டரிக்கு வந்துருங்க."

"யாரு சொன்னது, தொரையா?"

"இல்லீங்க. போஜன் ரேடியோவுல சொன்னாருங்க."

"ரேடியோவா? மழையச் சொல்லி வெளிய எடுப்பீங்க, பின்னாலயே பூட்டு விழும். அங்க தோட்டத்துல போகச் சொன்னாங்க, கப்பலேறினோம். இனி எங்கயும் போக மாட்டோம் கரண்டு ஐயா."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் பயத்தில் நியாயம் இருந்தது. பக்கத்து எஸ்டேட்டில் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த ஒரு குடும்பத்தின் கதவில் வேறு பூட்டுத் தொங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். வேலையும் இல்லாத நாளில் அந்த ஒற்றை அறைதான் அவர்களுக்கு மிச்சம்.

3. சங்கு

திரும்பி வந்தால் திரையில் போஜன்: 'எடுத்தாச்சா?' என் பெட்டி தன்பாட்டுக்கு 'வந்தது' என்று பதில் சொல்லியிருந்தது. அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. பெட்டிக்கு வந்து என்ன பிரயோஜனம், லயத்துக்கு வரவில்லையே!

ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து சங்கை ஊதினேன்.

வந்தார்கள். இடுப்பில் சாக்குக் கட்டி, கூடை மாட்டி, மழையில் சிரித்துக்கொண்டே வந்தார்கள். கைப்பிள்ளைகளை ஃபேக்டரி ஓரத்துப் பிள்ளைக் காம்பராவில் விட்டார்கள். லேசான வேலை ஏதாவது கிடைக்காதா என்று வயசானவர்களும் வந்தார்கள்.

"எந்த மலைக்குங்க இன்னைக்கி?" என்று ராசம்மா கேட்டார்.

"வேலை இல்லீங்க. லயத்துல இருக்க வேண்டாம்னுதான் ஊதுனேன்."

ராசம்மா கூடையைக் கீழே போட்டார்.

"ஊதுனா வர, வெரட்டுனா போக, நாங்க என்ன ஆடா மாடா? சங்கு ஊதுனா பேர் போடணும். பேர் விழாம ஒருத்தரும் லயத்துக்குப் போகப்படாது. ஒக்காருங்கடி!"

இலை வாட்டும் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார்கள். பேர் போட எலக்ட்ரீஷியனுக்கு ஏது அதிகாரம்? துரை வரட்டும் என்று மட்டும் சொன்னேன். மத்தியானம் வரை என்னைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டிக்கொண்டே இருக்கட்டும், எழுந்து மட்டும் போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மேலே கல் லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம். ஜன்னல் வழியே பார்த்தோம். மலை அப்படியே வழிந்து வந்து லயத்தின் மேல் உட்கார்ந்தது. ராசம்மாவின் வாசல் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. அவருடைய கோழிகள் போயின. ஆட்கள் அத்தனை பேரும் கொட்டகையில் இருந்தார்கள். ஒருத்தி பிள்ளைக் காம்பராவுக்கு ஓடினாள், பின்னாலேயே எல்லோரும் ஓடினார்கள்.

துரை முழங்கால் வரை சேற்றோடு நடந்தே வந்து சேர்ந்தார். "சங்க யாருய்யா ஊதுனது?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் ராசம்மா முன்னால் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தொரே, சங்கு ஊதிச்சு, வந்தோம். பேர் போடுங்க."

துரை லயத்தைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "முழுப் பேரே போடறேம்மா, முழு நாள் கூலி. ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் காலியாத்தான் கெடக்கு, தெறந்து விடறேன். ஆனா என்ன வேலைன்னு எழுதறது?"

"உசுரோட இருந்தோம்னு எழுதுங்க."

அவர் 'களை வெட்டு' என்று எழுதினார்.

இப்போது ஆபத்தை முன்கூட்டி அறிவிக்கும் வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் கருவி எவ்வளவோ இருக்கிறது. செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அது உடனே சொல்லிவிடும். கேட்டவர் ஏன் நகரவில்லை என்பதை நீங்கள்தான் அவர் வாசலில் போய் நின்று கேட்க வேண்டும்.

நான் 'எல்லாரும் பத்திரம்' என்று அடித்தேன். போஜனின் பெட்டி 'வந்தது' என்றது. சாயங்காலம் போஜன் நனைந்துகொண்டே மலையிறங்கி வந்தார். கொட்டகையில் இருந்தவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத்தான் ராசம்மா கொடுத்த டீயைக் கையில் வாங்கினார்.