பின் போடாத ஜீப்

பதினேழு தடவை. கொழும்புக்கு வந்த ஒன்பது வருடங்களில் நாகேந்திரம் இத்தனை முறை பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டிருக்கிறார். பதினாறு தடவையும் அவர் ஒரே விதியைப் பிடித்துக்கொண்டார்: கேட்டதற்கு மட்டும் பதில். பெயர், ஊர், வந்த திகதி, தங்கும் இடம், தொழில். இந்த ஐந்துக்கு மேல் வாய் திறப்பதில்லை. பெரும்பாலும் இரண்டு நாள் இருத்தி வைத்துவிட்டு அனுப்புவார்கள்.

பதினேழாவது தடவை, 1998 ஓகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், அந்த விதியை அவரே உடைத்தார்.

வயது நாற்பத்திரண்டு. ஊர் யாழ்ப்பாணத்துக் கொடிகாமம். கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை கொண்ட வாடகை வீடு, மனைவி அருந்ததி. வேலை கிராண்ட்பாஸில், ஸஹாப்தீனின் கராஜில். வீட்டிலிருந்து கராஜுக்கு நடக்கப் பதினைந்து நிமிடம். வழியில் இரண்டு சோதனைச் சாவடிகள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத்தாள், ஸஹாப்தீன் கொடுத்த வேலைக் கடிதம் மூன்றையும் பொலித்தீன் உறையில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். வேலை செய்யும்போதும் அடிக்கடி கை அந்தப் பையைத் தொட்டுப் பார்க்கும். அதனால் அவருடைய எல்லாச் சட்டைகளிலும் இடது மார்பில் ஒரு கிறீஸ் கறை உண்டு.

ஸஹாப்தீனின் கராஜில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடியாத வாகனத்தின் முன் கண்ணாடியில் என்ன மிச்சம் என்று சோக்கால் எழுதி வைப்பார்கள். கண்ணாடி சுத்தமாக இருந்தால் வாகனம் தயார், சொந்தக்காரரிடம் வண்டித் திறப்பைக் கொடுக்கலாம். எழுதுவது தமிழில்தான். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு லொறியில் "திங்கள் 10 மணி" என்று நாகேந்திரம் எழுதினார். சொந்தக்காரர் வந்து எடுக்கும் நேரம் அது. லொறி அந்த எழுத்தோடு வீதிக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை பத்து மணிக்கு என்ன நடக்கப்போகிறது என்று அவரையும் சாரதியையும் ஐந்து நாட்கள் விசாரித்தார்கள். அதற்குப் பிறகு சோக்கைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒருமுறை வாசல் பக்கம் பார்ப்பார்.

அந்த ஓகஸ்டில் அவர் கையில் இருந்தது ஒஸ்வால்டின் ஜீப். ஒஸ்வால்ட் இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையின் கணக்காளர். விடுமுறை கிடைத்தால் மலைக்காட்டுப் பாதைகளில் ஜீப் ஓட்டுவதுதான் அவருடைய பைத்தியம். பாறைகளில் அடிப்பாகம் தட்டக்கூடாது என்று புது ஸ்பிரிங் வில்லுகள் போட்டு ஜீப்பை ஆறு அங்குலம் உயர்த்தி, பெரிய ரயர்களும் பூட்டியிருந்தார். உயர்ந்ததோடு ஸ்டியரிங் கெட்டது. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தடி முன்பு ஏறத்தாழ மட்டமாக இருந்தது. இப்போது ஏணி மாதிரிச் சரிந்து நின்றது. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தச் சரிவு சக்கரத்தை ஒரு பக்கம் இழுத்தது. நாற்பது மைல் வேகத்தில் முன் சக்கரங்கள் இரண்டும் நடுங்கத் தொடங்கும்.

நாகேந்திரம் எட்டு நாட்கள் உழைத்தார். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையொன்றில் ஒரு பழைய லொறியின் பவர் ஸ்டியரிங் பெட்டியை வாங்கி, சேசிஸில் தடித்த இரும்புத் தகடு ஒட்டி அதில் பூட்டினார். பெட்டியிலிருந்து தொங்கும் கையை நீளமாகச் செய்து தடியை மறுபடி மட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஒருநாள் ஒஸ்வால்டின் இளைய மகள் கராஜுக்கு வந்து, அங்கிள் ஏன் எப்போதும் ஜீப்புக்குக் கீழேயே படுத்திருக்கிறார் என்று கேட்டாள்.

"மேல இருந்தா ஆக்கள் கேள்வி கேப்பினம், பிள்ளை," என்றார்.

வெள்ளி மதியம் ஸஹாப்தீனும் மற்றவர்களும் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். நாகேந்திரம் தனியே இருந்தார். தடியைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டில் நட்டை விரலால் இரண்டு சுற்று மட்டும் சுற்றினார். அவருடைய முறை அது: முதலில் முற்றத்துக்குள் முன்னும் பின்னும் உருட்டி, ஸ்டியரிங் வளையம் நேராக நிற்கிறதா என்று பார்ப்பார். நின்றால் நட்டை இறுக்கி, அதன் துளைக்குள் புது ஸ்பிளிட் பின்னைச் செருகி முனையை மடிப்பார். பின் இல்லாத நட் குலுக்கத்தில் தானே கழன்றுவிடும். நட் போனால் தடி விழும். தடி விழுந்தால் வளையம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜீப் திரும்பாது.

கண்ணாடியில் எழுதினார்: "பின் இல்லை. எடுக்க வேண்டாம்." ஜீப்பை ஜாக்கியிலிருந்து இறக்கினார். அந்த நேரம் ஒழுங்கையின் முனையில் பொலிஸ் ட்ரக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

கழிவுப் பஞ்சை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது. பூட்ஸ் சத்தம் வாசலுக்கு வந்தபோது அங்கே ஒரு தமிழ் எழுத்தும் இல்லை.

கொடிகாமம் என்ற சொல் போதுமாக இருந்தது. ட்ரக்கில் ஏற்றினார்கள்.

நிலையத்தின் சைக்கிள் கொட்டகைக்குள் நாற்பது பேர் வரை குந்தியிருந்தார்கள். மூன்றே முக்கால் மணிக்கு ஸஹாப்தீன் சோற்றுப் பார்சலோடும் புதுக் கடிதத்தோடும் வந்து, கம்பி வேலிக்கு அப்பால் நின்றார். கடிதம் கொடுத்தாயிற்று, பின்னேரத்துக்குள் விட்டுவிடுவார்கள் என்றார். பிறகு மனதைத் தேற்றவோ என்னவோ, ஒஸ்வால்ட் இரண்டரைக்கு வந்து ஜீப்பை எடுத்துப் போனதைச் சொன்னார். மனைவியும் இரண்டு மகள்களும் பைகளோடு வந்தார்களாம். ஒரு விரலால் ஸ்டியரிங் திரும்புகிறது என்று மனிதருக்கு ஒரே சந்தோசமாம்.

நாகேந்திரம் சோற்றைக் கீழே வைத்தார். "எந்த ஜீப், முதலாளி?"

"அந்த ஒசந்த ஜீப்தான். முடிஞ்சிதானே? கண்ணாடில ஒண்டும் எழுதி இல்லியே."

பின் போடாததையும் எழுத்தைத் துடைத்ததையும் நாகேந்திரம் சொன்னார். ஸஹாப்தீனின் கை வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. ஒஸ்வால்ட் வீட்டுக்குப் போகவில்லையாம். நேரே மலைப்பக்கத்துப் பெலிஹுல் ஓயாவுக்காம். அவிசாவளை வரை நேர் வீதி, நட் ஓரளவு தாங்கலாம். அதற்கப்பால் இரத்தினபுரி, பலாங்கொடை, வளைவுகள். ஜீப் புறப்பட்டு ஒன்றேகால் மணித்தியாலம் ஆகிவிட்டது.

"நான் வேன எடுத்துக்கிட்டு பின்னால போறேன்," என்றார் ஸஹாப்தீன் மெல்ல. "நீங்க இவங்ககிட்ட ஒண்டும் சொல்ல வாணாம், மாஸ்டர். வாகனம்ங்கிற சொல்லே இப்ப போதும்."

அவர் சொன்னது சரி. குண்டு லொறிகள் வந்த காலம். யாழ்ப்பாணத்து ஆள் ஒருவன், நகரத்தை விட்டுப் போகும் ஒரு வாகனம் ஆபத்தானது என்று தன் வாயால் சொன்னால், கேட்பவன் ஸ்டியரிங்கை நினைக்கப்போவதில்லை. ஆனால் ஸஹாப்தீனின் வேன் முப்பது மைலுக்கு மேல் ஓடாது. ஜீப்பை நிறுத்தக்கூடியவை அவிசாவளைப் பக்கத்துச் சாவடிகள் மட்டுந்தான்.

ஸஹாப்தீன் போனபின் நாகேந்திரம் பத்து நிமிடம் பேசாமல் குந்தியிருந்தார். அருந்ததியை நினைத்தார். நிலையத்தின் பக்கத்து அறையிலிருந்து எப்போதாவது கேட்கும் அலறல்களையும் நினைத்தார். வாழ்க்கையில் தான் வெட்கப்படுவது அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் என்கிறார்.

பிறகு எழுந்து கை உயர்த்தினார்.

மேசையில் இருந்தவர் ஒரு இளம் உதவிப் பரிசோதகர். தடிமன் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாகேந்திரத்துக்குத் தெரிந்தது கராஜ் சிங்களம். அதில் சொன்னார்: "மஹத்தயா, ஒரு ஜீப் அவிசாவளைப் பக்கம் போகுது. அதை உடனே நிப்பாட்டோணும்."

கைக்குட்டை நின்றது. "ஜீப்பில் என்ன இருக்கிறது?"

"ஒண்டுமில்லை. ஒரு பின் இல்லை."

"என்ன பின்? கிரனேட் பின்னா?"

அதற்குள் கொட்டகையில் இருந்தவர்கள் அவரை விட்டு நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். மேலும் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள்; அவர் நடந்ததைச் சொல்லச் சொல்லக் கேள்விகள் விழுந்தன. ஜீப்பின் அடியில் எதை ஒட்டினாய், அந்தத் தகடு எதற்கு, யார் சொல்லிச் செய்தாய், ஏன் உயர்த்தியிருக்கிறது, கண்ணாடியில் இருந்ததை ஏன் அழித்தாய். கடைசிக் கேள்விக்கு உண்மையைத் தவிர வேறு பதில் இல்லை, அந்த உண்மையோ கேவலமாகக் கேட்டது: உங்களுக்குப் பயந்து. ஒரு தாளைக் கேட்டு வாங்கி, பெட்டி, கை, தடி, மூட்டு, நட் எல்லாவற்றையும் வரைந்து காட்டினார். தடி கோணியதும் அதை மறுபடி வரைந்தார். "முதல்ல நிப்பாட்டுங்கோ, மஹத்தயா. பிறகு என்னை என்னவும் செய்யுங்கோ. ஜீப்புக்குள்ள ரெண்டு பிள்ளையள் இருக்குதுகள்."

உதவிப் பரிசோதகர் வயர்லஸை எடுத்தார்.

ஐந்தேகாலுக்குப் பதில் வந்தது. ஜீப்பை அவிசாவளைக்கு அப்பால் முதல் ஏற்றத்துக்குக் கீழே மறித்திருந்தார்கள். சாவடிக்குக் கிடைத்த செய்தி, சந்தேகத்துக்குரிய வாகனம் என்பது மட்டும். ஆகவே ஒஸ்வால்டையும் மனைவியையும் மகள்களையும் இறக்கி, தார் வீதியில் குப்புறப் படுக்க வைத்தார்கள். துப்பாக்கிகள் நீட்டியபடியே இருந்தன. ஜீப்பை நெருங்க முக்கால் மணித்தியாலம் யாருக்கும் துணிவு வரவில்லை. கடைசியில் ஒரு சிப்பாய் அடியில் ஊர்ந்து பார்த்தான். குண்டு இல்லை. மூட்டில் நட்டும் இல்லை. எங்கோ வழியில் விழுந்துவிட்டது. மூட்டின் கூம்பு தன் துளைக்குள் சிக்கியிருந்ததால் மட்டும் தடி தொங்கிக்கொண்டிருந்தது. சிப்பாய் கையால் தட்டியதும் அது விழுந்தது.

உதவிப் பரிசோதகர் இதைச் சொல்லிவிட்டுத் தேநீர் ஒன்று கொண்டுவரச் சொன்னார். குடித்து முடிந்ததும், வாக்குமூலம் எழுதியாயிற்று, அதைக் கிழிக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்றார். அன்று மாலையே நாகேந்திரம் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார். அந்தக் கோட்டுப்படமும் கோப்பில் போனது. இடத்தைக் கண்டுபிடிக்க அருந்ததிக்கு ஆறு நாட்கள் பிடித்தன. நாற்பத்தொரு நாட்கள் உள்ளே இருந்தார். அங்கே நடந்ததைப் பற்றிக் கேட்டால், காலம் போச்சுது என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஒஸ்வால்ட் முதல் மூன்று வாரம் வரவில்லை. மகள்கள் படுத்திருந்த கோலத்தை அவரால் மறக்க முடியவில்லை. நான்காவது வாரம் ஒரு சட்டத்தரணியோடு வந்தார். கம்பிக்கு வெளியே நின்று கேட்டார்.

"எத்தினை சுத்து சுத்தினனீர், நாகேந்திரம்?"

"ரெண்டு, சேர்."

"ரெண்டு," என்றார் ஒஸ்வால்ட். பிறகு, நாகேந்திரம் சொன்னது உண்மை என்ற சத்தியக்கடதாசியில் கையெழுத்துப் போட்டார்.

பிணையில் வந்த மறுநாள் நாகேந்திரம் வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்கு அவர் அதே நிலையத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். அவர்மேல் போட்ட வழக்கு ஜனவரியில் அழைக்கப்படுகிறது.