காரணம்: சும்மா

மணி ஐந்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போதே பேக்கிங் அக்கா கையுறையைக் கழற்றிவிடுவார். குழாயடியில் நின்று முழங்கைவரை நுரைக்க நுரைக்கக் கழுவுவார். சோப்புத் தொழிற்சாலையில் சோப்புக்கா பஞ்சம்? சூப்பர்வைசர் முறைத்தால், "கை கழுவுற நேரமும் வேலை நேரந்தான் சார். போர்டுல ஒட்டியிருக்கு, படிச்சுப் பாருங்க" என்பார். மணி அடிக்கும்போது வாசற்படியில் இருப்பார்.

நான் அங்கே டைம் ஆபீஸ் கிளார்க். எல்லாருடைய விடுப்புப் படிவமும் என் மேசையைத் தாண்டித்தான் மேனேஜரிடம் போகும். எங்கள் ஆட்கள் விடுப்புக்காக யாரையாவது சாகடிப்பது வழக்கம். நானே என் தாய்மாமாவை மூன்று முறை சாகடித்திருக்கிறேன். ஆள் ஜம்மென்று இருக்கிறார். அவ்வப்போது போன் செய்து என் உடம்பை விசாரிக்கிறார்.

அக்கா யாரையும் கொல்வதில்லை. 'காரணம்' என்ற கட்டத்தில் முத்து முத்தாக 'சும்மா' என்று எழுதுவார். திரும்பி வந்த அன்று, யாரும் கேட்காமலே சொல்வார்: "மாடியில துணி காயப்போட்டேன் சார். பக்கத்துலயே பாய் விரிச்சு நானும் காஞ்சேன்."

எனக்கு வயிறு எரியும். பொறாமைதான், மறைப்பானேன்? என் மனைவிக்கு மருத்துவமனையில் வேலை. அவளுக்கு வார ஓய்வு செவ்வாய், எனக்கு ஞாயிறு. "ஒரே ஒரு செவ்வாக்கெழம லீவு போடுங்களேன். எங்கயும் கூட்டிட்டுப் போக வேணாம், சும்மா வீட்ல இருங்க" என்று நான்கு வருடமாகக் கேட்கிறாள். என் கணக்கில் பதினெட்டு நாள் விடுப்பு தூங்குகிறது. சாவு இல்லாமல் கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

அந்த எரிச்சலில்தான் போன மாதம் அக்காவின் 'சும்மா'வுக்குக் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு இழுத்து மேனேஜருக்கு அனுப்பினேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மாட்டினார் என்று எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். கோப்பைப் பிடித்துக்கொண்டு நானும் அறையில் நின்றேன்.

"சும்மான்னா என்னம்மா அர்த்தம்?"

"சும்மா இருக்கறதுக்குத்தானே சார் லீவு? வேலை செய்யணும்னா இங்கயே வந்திருப்பேனே."

"காரணம்னு ஒண்ணு வேணாமா?"

"வருஷ லீவுக்கு ஒரு வாரம் முன்னாடி எழுதிக் குடுக்கணும்னுதான் போர்டுல இருக்கு. காரணம் சொல்லணும்னு எந்த வரியில இருக்கு? காட்டுங்க, கேட்டுக்கறேன்."

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிமுறைத் தாளை இரண்டு முறை புரட்டினார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். அக்கா படிவத்தை வாங்கி அந்தச் சிவப்புக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

இப்போது வருடக் கடைசி. என் பதினெட்டு நாளும் இந்த மாதத்தோடு செல்லாமல் போகும். மிச்சம் இருப்பது ஒரே செவ்வாய். நேற்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு படிவத்தை எடுத்தேன். 'காரணம்' கட்டத்துக்கு வந்ததும் கை தானாக 'தாய்மாமா மரணம்' என்று எழுதிவிட்டது.

தன் படிவத்தைக் கொடுக்க வந்த அக்கா தலைகீழாகவே அதைப் படித்தார்.

"அடுத்த செவ்வாயா சார்? தேதி குறிச்சுட்டாரா உங்க மாமா?"

எனக்குக் காது சுட்டது. அக்கா என் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தார். "இந்தத் தடவையாவது பொழச்சுப் போகட்டும் பாவம்" என்று மாமாவின் மரணத்தை அடித்தார். மேலே முத்து முத்தாக 'சும்மா' என்று எழுதி, அதன் கீழே நிதானமாக இரண்டு கோடு இழுத்தார்.